தனுஷ்கோடியில் பறந்த எட்டு முழம்

வேட்டி கட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. மீதிப் பேருக்குக் காற்றடிக்காத இடத்தில் மட்டும் தெரியும். நான் இரண்டாவது கூட்டம். இந்த உண்மை எனக்கு எங்கள் விளாங்குடித் தெருவில் விளங்கியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், மறுநாள் அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். என் தலையெழுத்து, அது தனுஷ்கோடிக் கடற்கரையில், மாமனார் மாமியார் கண் முன்னால், கல்யாணமான சூடு ஆறுவதற்குள் விளங்கியது.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் பம்புசெட் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பெண் எடுத்தேன். பெயர் செல்வி. வைகாசியில் தாலி கட்டினேன். ஆனி முழுவதும் ஆனந்தமாகப் போனது. ஆடி பிறந்ததும் மாமனார் தேங்காய் பழத் தட்டோடு வந்து, சீர் செய்து, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் ஆடியில் ஒன்றாக இருக்கக் கூடாதாம். இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், வெயிலில் தாயும் பிள்ளையும் கஷ்டப்படும் என்பது பெரியவர்கள் கணக்கு. (மதுரையில் எந்த மாதம் பிறந்தாலும் வெயிலில் கஷ்டம்தான். இதை அன்றைக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

செல்வி இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சோழவந்தான் பஸ்ஸில் ஏறிவிடுவேன். "மோட்டார்ல ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னீகளே மாமா, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பேன். மாமனார் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் நல்ல மனுஷர், என்னைக் கொடிக்காலுக்குக் கூட்டிப் போய்க் குறையில்லாத மோட்டாரை ஓட்டிக் காட்டுவார். நான் அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, செல்வியை அடுப்படிக் கதவு வழியாக அரைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். தனியாக ஒரு வார்த்தை பேச முடியாது. மாமியார் விடமாட்டார்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கே குரல் கொடுக்கிற மனுஷி. ஆனால் மருமகனிடம் மட்டும் நேருக்கு நேர் பேச மாட்டார். அது அவர்கள் வீட்டு வழக்கம். அவருடைய அம்மாவும் அப்படித்தானாம். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வெயில்ல வந்திருக்காக, மோர் குடிக்கிறாகளான்னு கேளு செல்வி" என்பார். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். செல்வி வந்து, "மோர் குடிக்கிறீகளான்னு அம்மா கேக்குது" என்பாள். "குடிக்கிறேன்னு சொல்லு" என்பேன். மோர் வருவதற்குள் எனக்குத் தாகம் அடங்கிவிடும். ஒரு தடவை நான் போனபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகையில் எருமை கட்டியிருந்தது. அதனிடம் போய், "மாமா கொடிக்காலுக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாக, உக்காரச் சொல்லு" என்றார். எருமை என்னைப் பார்த்தது. நான் உட்கார்ந்தேன்.

இந்த நிலைமையில்தான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் மகளையும் மருமகனையும் கூட்டிப்போய்த் தனுஷ்கோடியில் கடல் முழுக்குப் போடுவதாக மாமியாருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. "அதை ஏன் மாமா தள்ளிப் போடணும்? அமாவாசைக் கூட்டம் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துருவோம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எவ்வளவு பொறுப்பான மருமகன் என்று மாமனார் முகம் மலர்ந்தது. என் மனசில் இருந்த கணக்கு வேறு. ராமேஸ்வரத்திலிருந்து பஸ் கொஞ்ச தூரம்தான் போகும், மிச்சத்தை மணலில் நடக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெரியவர்கள் இரண்டு பேரும் கால் வலித்து வழியில் உட்கார்ந்துவிடுவார்கள், நானும் செல்வியும் கடற்கரையோரமாகப் பேசிக்கொண்டே முன்னால் போய்விடலாம். அரை மணி நேரம் கிடைத்தால் போதும், அந்த ஆடியை ஓட்டிவிடுவேன்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. ஒன்று, விடிந்தால் பொழுது சாயும்வரை வரப்பில் நடக்கிற இரண்டு பேரை, கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற நான் கிழடு கட்டையாக நினைத்தது. இரண்டு, ஆடிக் காற்று. எங்கள் ஊரில் ஆடிக் காற்று என்றால் மொட்டை மாடியில் காயப்போட்ட துணி அடுத்த வீட்டில் விழும், ஒரு பேச்சு வார்த்தையோடு திரும்பி வரும். கடலோரத்தில் அது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் மாமியார் ஒரு சட்டம் போட்டார் (மாமனார் மூலமாகத்தான்). கடலில் முழுகி எழுந்திருக்கும் வரை யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. செல்வி பசி தாங்க மாட்டாள். அவளுக்கு உயிர் என்றால் காராச்சேவு. எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு மிட்டாய்க் கடையில் பூண்டு தட்டிப் போட்டுப் பிரமாதமாகச் செய்வார்கள். அதில் ஒரு பொட்டலம் வாங்கினேன். மாமியார் கண்ணில் படாமல் எங்கே வைப்பது? பையை அவர்தான் நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிறார். யோசித்து, வேட்டி மடிப்புக்குள் இடுப்போடு இடுப்பாக வைத்து, அதற்கு மேல் வேட்டியைச் சுற்றிச் செருகிக்கொண்டேன். கல்யாணத்துக்கு எடுத்த எட்டு முழம், கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. ஒரு பக்கம் இடுப்பு லேசாகப் புடைத்திருந்தது. அவ்வளவுதான்.

ரயிலில் ராத்திரி முழுவதும் செல்விக்கும் எனக்கும் நடுவில் மாமியார் உட்கார்ந்து வந்தார். பாம்பன் பாலத்தில் வண்டி ஆமை மாதிரி ஊர்ந்தபோது ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்தது. என் கிராப்பு கலைந்தது. கடல் காற்று, உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன்.

காலையில் பஸ் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை டீக்கடை இருந்தது. கடைக்காரர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அண்ணே, கச்சான் காத்து ஏறிருச்சு. கைலி இருந்தா மாத்திக்கிட்டுப் போங்க."

மாமனார் வீட்டு ஆட்களோடு போகிற புது மாப்பிள்ளை கைலி கட்டுவதா? "பரவாயில்லண்ணே, எங்களுக்கு இது பழக்கம்தான்" என்றேன். என்ன பழக்கம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

மாமனார் சத்தமில்லாமல் தன் வேட்டியைக் கால்களுக்கு நடுவே விட்டுப் பின்னால் இழுத்துச் செருகிக்கொண்டார், வயலில் இறங்கும்போது கட்டுகிற மாதிரி. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். "மாப்ள, நீங்களும் இப்பிடித் தாரு பாச்சிக் கட்டிக்கங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுக் கட்டாமல் நடந்தேன். பட்டணத்து மாப்பிள்ளை அல்லவா.

அப்படி ஒரு அகலமான கரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலப்பக்கம் கடல் கத்திக்கொண்டு வந்து விழுகிறது. அதை ஆண் கடல் என்கிறார்கள். இடப்பக்கம் ரொம்பத் தள்ளி இன்னொரு கடல், அது சத்தம் காட்டாமல் கிடக்கிறது, பெண் கடல். நடுவில் மணல், மணல், மணல்தான். ஒரு மரம் இல்லை, ஒரு வேலி இல்லை. காற்று வலப்பக்கக் கடலிலிருந்து புறப்பட்டு, மணலை வாரி எங்கள் கெண்டைக்காலில் ஊசியாக இறைத்துவிட்டு, இடப்பக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. செல்விக்கு வெயில் படாமல் பிடிக்கலாம் என்று குடை கொண்டுபோயிருந்தேன். விரித்தேன். அது மேல்பக்கமாக மலர்ந்து, கம்பி கம்பியாகப் பிரிந்து, என் கையில் காம்பு மட்டும் மிச்சமிருந்தது.

தூரத்தில் புயலில் இடிந்த கட்டிடம் ஒன்றின் சுவர் தெரிந்தது. அதுவரை போனால் போதும், அங்கேதான் முழுக்கு என்றார் மாமனார். ஒரு எட்டு வைத்தால் வந்துவிடும் போல இருந்தது. விளாங்குடியில் நின்று பார்த்தால் திருப்பரங்குன்றத்து மலைகூட அப்படித்தான் தெரியும், ஆனால் அதற்குப் பஸ் உண்டு. இந்தச் சுவர் நான் நடக்க நடக்கப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தோல் செருப்பு மணலில் புதைந்தது. கழற்றிக் கையில் எடுத்தேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் குடைக் காம்பு, வாயில் மணல்.

நிமிர்ந்து பார்த்தால், உட்கார்ந்துவிடுவார்கள் என்று நான் நினைத்த மாமியார் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். தலையில் தனக்கும் மகளுக்கும் மட்டும் மாற்றுத் துணி எடுத்த மூட்டை (ஆண்கள் வேட்டி காற்றிலேயே காய்ந்துவிடுமாம்), சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறார், களை எடுக்கப் போகிற வேகம். அவருக்குப் பின்னால் மாமனார். அதற்குப் பின்னால் செல்வி. எனக்கு முன்னால் காலடித் தடம் மட்டும்தான்.

"மாப்ள, வாரீகளா?" என்று மாமனார் அவ்வப்போது திரும்பிக் குரல் கொடுப்பார்.

"வாரேன் மாமா. கடலைப் பாத்துக்கிட்டே வாரேன்."

கடலையா பார்த்தேன்? கண்ணில் மண்.

செல்விதான் என் மேல் இரக்கப்பட்டாள். "கால்ல கிளிஞ்சல் குத்திருச்சு, நீங்க போங்க, நான் எடுத்துட்டு வாரேன்" என்று பெற்றவர்களிடம் சொல்லிவிட்டுக் குனிந்தவள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் ஆடி பிறந்ததிலிருந்து நன்றாக ஓடுகிற மோட்டாருக்கு வைத்தியம் பார்த்தது. பத்து நாளாக மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தை எடுத்தேன்.

"நீ இல்லாம வீடு வீடாவே இல்ல செல்வி."

"என்னது?" என்றாள். காற்று.

"நீ இல்லாம வீடு வீடாவே இல்ல" என்று கத்தினேன்.

அதற்கும் அவள் காதைக் காட்டினாள். ஆனால் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்த மாமனார் திரும்பி நின்று, "என்ன மாப்ள, வீட்டுல என்னத்த விட்டுட்டு வந்துட்டீக?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க நடங்க."

வசனம் இந்தக் காற்றில் எடுபடாது என்று விளங்கிவிட்டது. காராச்சேவு எடுபடும். செருப்பையும் காம்பையும் கீழே போட்டேன். "கண்ண மூடு" என்று சைகை காட்டினேன். இடுப்புக்குள் கையை விட்டு, ராத்திரி முழுவதும் இறுகிப்போயிருந்த பொட்டலத்தைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன்.

பொட்டலம் வந்தது. அது அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதும் சுற்று தளர்ந்து, செருகியிருந்த முனையும் வெளியே வந்தது. அதற்காகவே காலையிலிருந்து காத்திருந்த மாதிரி கச்சான் காற்று உள்ளே புகுந்தது. கஞ்சி போட்ட துணி வேறு. என் எட்டு முழம் பாய்மரம் போல ஒரு தடவை புடைத்து, என்னை விட்டுக் கிளம்பியது. பிடிக்கப் போன கையிலிருந்து பொட்டலமும் பறந்தது. காராச்சேவு செல்வியின் தலையிலும் மணலிலும் சிதறியது.

எங்கள் பக்கத்தில் வேட்டி பறந்தால் பத்தடிக்குள் ஒரு வேலிக்கருவை முள் பிடித்துக்கொள்ளும். அங்கே பிடிக்க என்ன இருக்கிறது? வேட்டி ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி, தரையைத் தொட்டு, மறுபடி எழும்பி, பெண் கடலை நோக்கிப் போனது. நான் துரத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே நான் உடுத்தியிருந்தது மாமனார் காலத்துப் பட்டாப்பட்டி டவுசர் இல்லை. பட்டணத்து நாகரிகப்படி மிகவும் சிறியது. எனவே இருந்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். போடப் போடக் காற்று அதையும் எடுத்துக்கொண்டு போனது.

செல்வி ஒரு அலறல் அலறினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் திரும்பிப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொண்டு, "ஏய், ஏய்" என்று, வெள்ளாமையில் வாய் வைத்த ஆட்டைத் துரத்துகிற மாதிரி வேட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினார். அவர் அரை மைல் ஓடியும், அது பெண் கடலில் இறங்கி இலங்கைப் பக்கம் போய்விட்டது.

மாமியார் நின்றார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். சடக்கென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இடுப்புத் துணியைக் காப்பாற்றத் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று இனி ஆடி முடிந்தாலும் அனுப்ப மாட்டார்கள், ஆவணி முடிந்தாலும் அனுப்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அழுகையே வந்துவிட்டது. (மண் விழுந்ததால் என்று இப்போதும் வீட்டில் சாதிக்கிறேன்.)

மாமியார் மூட்டையை இறக்கிப் பிரித்தார். தனக்கு மாற்றிக் கட்ட வைத்திருந்த சுங்குடிச் சேலையை எடுத்தார். அதை என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? புருஷன் வேட்டிக்குப் பின்னால் ஓடுகிறார். மகள் சிரிப்பில் கிடக்கிறாள். எருமை சோழவந்தானில் இருக்கிறது. பழக்க தோஷத்தில் கடலைப் பார்த்து, "எந்திரிக்க வேணாம், அப்பிடியே உக்காரச் சொல்லு" என்றார். கடல் என்ன சொல்லும்? சேலையைத் தூக்கி எறியலாமென்றால் அதுவும் இலங்கைக்குப் போய்விடும். பிறகு சேலையைப் பின்னால் நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு, திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து என்னை நோக்கி வந்தார். மணலில் தடுமாறித் தடுமாறி, அடி மேல் அடியாக வந்தார்.

"மாப்ள" என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை.

"மானம் போகையில வழக்கமாவது ஒண்ணாவது. இந்தாங்க, பிடிங்க. ரெண்டா மடிச்சுக்கங்க. வயித்த எக்கி, இறுக்கி ஒரு முடிச்சுப் போடுங்க. சொருகுனா நிக்காது, முடிச்சுத்தேன் போடணும். போட்டாச்சா?"

"போட்டாச்சு அத்தை."

"இழுத்துப் பாருங்க. நிக்கிதா?"

"நிக்கிது அத்தை."

எனக்கும் என் மாமியாருக்கும் நடந்த முதல் பேச்சு வார்த்தை இதுதான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. என்னால் மறக்க முடியவில்லை என்பதைவிட, என்னை யாரும் மறக்க விடவில்லை என்பது சரி.

அவர் திரும்பினார். மணலில் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார்.

"இது என்னது?"

"காராச்சேவு, அத்தை."

"யாருக்கு?"

"செல்வி பசி தாங்க மாட்டான்னு..."

"முங்குறதுக்கு முன்னாடியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மெல்ல நிமிர்ந்தால், மறுபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பது எனக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தது.

மிச்ச வழியைச் சுங்குடிச் சேலையில் நடந்தேன். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கரை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. எதிரே முழுகிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் என்னைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டது. அதில் ஒரு பெரியவர் கை குவித்து, "என்ன வேண்டுதல் சாமி?" என்று கேட்டார்.

மாமியார்தான் சட்டென்று, "பொண்டாட்டிக்காக வேண்டிக்கிட்டாக" என்றார். பெரியவர் செல்வியைப் பார்த்து, கொடுத்து வைத்த பெண் என்றார்.

சுவர் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. முழுகி எழுந்தோம். அங்கே தடுமாறிய மாமனாரை நான் கை பிடித்துத் தூக்கிவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது நேர் எதிர்.

திரும்பும்போது ராமேஸ்வரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் புதுசாக ஒரு கைலி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மாமியார் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்து, இலையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, ஊருக்குப் போனதும் செல்விய உங்க கூடவே கூட்டிட்டுப் போயிருங்க."

மாமனாருக்கு இட்லி தொண்டையில் நின்றது. "அடியே, ஆடி முடியலையே?"

"முடியாட்டி என்ன? பொண்டாட்டி பசிக்குத் தீனி கொடுக்கப் போயி இடுப்புத் துணிய விட்ட மனுசன். தனியா விட்டா இன்னும் என்னென்னத்த விடுவாகளோ. நம்ம பிள்ள கூட இருந்து பாத்துக்கிறட்டும்."

எதற்காக அவ்வளவு தூரம் நடந்தேனோ, அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை. ஆடியில் பாதி கிடைத்துவிட்டது.

அன்றைக்குத் திறந்த வாயை என் மாமியார் பிறகு மூடவேயில்லை. சாகும்வரை என்னிடம் நேராகத்தான் பேசினார். சம்பளம் ஏன் ஏறவில்லை, தலை ஏன் நரைக்கிறது, முருங்கைக்காயை ஏன் முத்தலாக வாங்கினீர்கள், எல்லாம் நேருக்கு நேர். சில சமயம் அந்த எருமையை நினைத்து ஏங்கியிருக்கிறேன். முதல் தீபாவளிக்கு எனக்கு எடுத்த வேட்டியோடு அகலமான பச்சை பெல்ட் ஒன்றும் தட்டில் வந்தது. அவர் இருந்தவரை எந்தத் தீபாவளிக்கும் அது தவறியதில்லை.

பெரியவர்கள் போட்ட கணக்கும் தவறவில்லை. எங்கள் மூத்தவள் நல்ல கத்திரி வெயிலில் பிறந்தாள், சித்திரையில். விசிறிக்கொண்டே இருந்த மாமியார் அவளுக்கு வைத்த செல்லப் பெயர் காராச்சேவு. ஸ்கூல் சர்டிபிகேட்டில் வேறு பெயர் இருக்கிறது, சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

அந்தக் காராச்சேவுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முதல் தடவை மறுவீட்டுக்கு வந்து இறங்கினார். கஞ்சி போட்ட வேட்டி, மொடமொடவென்று நின்றது. ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போன செல்வி, வாங்க என்று சொல்வதற்கு முன்னால் அவர் இடுப்பைப் பார்த்து, நேருக்கு நேராகக் கேட்டாள்.

"பெல்ட் போட்டிருக்கீகளா மாப்ள?"